யாரிடம் மனு கொடுப்பது?

2021 ஜனவரி 29 அன்று திருவண்ணாமலையில் ஒரு பெட்டியைப் பூட்டினார்கள். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' பயணத்தை அங்கேதான் தொடங்கினார். மேடைப் பேச்சு வழக்கமானதுதான்: அ.தி.மு.க. ஆட்சியில் குடிநீர் வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை, முதியோர் உதவித்தொகை நின்றுபோனது. புதிது அந்தப் பெட்டிதான். மக்கள் தந்த மனுக்கள் அதற்குள் போயின. கொடுத்தவர் கையில் பதிவு எண் போட்ட ரசீது. ஆட்சிக்கு வந்த 100 நாளில் தீர்வு என்பது வாக்குறுதி.

அன்றைக்கு ஸ்டாலினால் ஒரு பட்டாவில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. அது வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் நின்றார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள அலுவலகத்தை விட்டுவிட்டு, அதிகாரமே இல்லாத ஒருவரிடம் ஜனங்கள் மனுவை நீட்டுகிறார்கள் என்றால், ஓர் அரசின் பொதுச் சேவை பற்றி அதைவிடக் கடுமையான விமர்சனத்தை எந்தப் பேச்சாளரும் வைத்துவிட முடியாது.

அதே மாவட்டத்து ஆரணியை எடுத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ., அறநிலையத் துறை அமைச்சராகவே இருந்த சேவூர் எஸ்.ராமச்சந்திரன். மே மாதம் ஆட்சி மாறியது. ஆரணியில் அவரே மறுபடி ஜெயித்தார், ஆனால் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். பதில் சொன்னவர் கேள்வி கேட்கும் இடத்துக்கு வந்தார். கேள்வி கேட்ட கட்சி பதில் சொல்லும் இடத்துக்குப் போனது. ஊரின் குறைப் பட்டியலில் ஒரு வரி மாறவில்லை.

அந்தப் பட்டியல் ஆரணிப் பட்டுத் தறிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் புரியும். அடைமழை பிடித்தால் தறிக் குழியில் தண்ணீர் ஊறும். பாவு ஈரம் வாங்கி இழை அறும். நெய்ய முடியாத நாளுக்குக் கூலி கிடையாது. மழை விட்டாலும், விசைத்தறியில் ஓடி வரும் சேலை கைத்தறி என்ற பெயரில் கடைக்குப் போய்விடுகிறது. பெங்களூரிலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து ஜரிகையும் வரவேண்டிய தொழில் இது. அவற்றின் விலையைச் சென்னையில் யாரும் தீர்மானிப்பதில்லை. அதை விடுங்கள். வயதான நெசவாளியின் உதவித்தொகை, வீட்டு மனைப் பட்டா, ரேஷன் அட்டையில் ஒரு பெயர் சேர்ப்பது, இவை சென்னைக்குக்கூடப் போகவேண்டியவை அல்ல. தாலுகா அலுவலகத்தோடு முடியவேண்டியவை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கைத்தறிக்கு இலவச மின்சாரம் 2016-இல் 100 யூனிட்டிலிருந்து 200 ஆனது, அது ஜெயலலிதா ஆட்சி. 2023-இல் 300 ஆனது, அது ஸ்டாலின் ஆட்சி. நீ கொடுத்ததைவிட நான் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்ற போட்டி நெசவாளிக்கு நன்மைதான் செய்திருக்கிறது. பிறகு ஏன் யூனிட் ஏறுகிறது, முதியோர் உதவித்தொகை மனு மட்டும் ஒரே இடத்தில் கிடக்கிறது? யூனிட்டுக்கு ஒரே ஓர் அரசாணை போதும். அத்தனை வீட்டுக்கும் தானாக வந்து சேரும். மனுவுக்கு ஓர் அலுவலர், ஒரு குறிப்பிட்ட நாளுக்குள், கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த நாள் எது என்பதை எந்தக் கட்சியும் கட்டாயமாக்கவில்லை.

அதற்குப் பதிலாகத் திட்டப் பெயர்கள் வந்தன. எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்த 2019-இல் சிறப்புக் குறைதீர்க்கும் திட்டம். 2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில், 1100 உதவி எண். ஆட்சி மாறியதும் 'முதல்வரின் முகவரி', 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள். அப்போது குற்றம் சாட்டும் முறை பழனிசாமியுடையது: நான்கு வருடம் கழித்து எதற்கு மனு வாங்குகிறீர்கள் என்றார். அந்த ஆகஸ்டில் திருப்புவனத்தில் வைகை ஆற்றில் முகாம் மனுக்கள் மிதந்தன. அவருக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. ஸ்டாலின் 2021-இல் சொன்னதும் உண்மை, பழனிசாமி 2025-இல் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் சொன்னது ஒரே குறையை.

வழி தெரியாமல் இல்லை. மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை பெறும் உரிமைச் சட்டம் போட்டது. பட்டு நூல் வரும் கர்நாடகத்தில் 'சகாலா' இருக்கிறது: சான்றிதழ் கெடு தாண்டினால் மனுதாரருக்கு நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500, தாமதித்த அலுவலரின் கணக்கிலிருந்து. பிற மாநிலங்கள் இதைச் செய்தபோது பத்து வருடம் ஆட்சியில் இருந்த அ.தி.மு.க. செய்யவில்லை. தி.மு.க. தன் 2021 தேர்தல் அறிக்கையில் இந்தச் சட்டத்தைச் சொன்னது; நான்கு ஆண்டு கழித்து முகாம் வந்தது, சட்டம் வரவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். கெடுவுக்குள் தானாக வந்துசேரும் உதவித்தொகைக்கு யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. மனு வாங்கித் தருவதற்கு ஒரு தலைவர் வேண்டும், முகாமுக்கு அவர் படம் வேண்டும். ஆளும்போது அந்த நன்றி இனிக்கிறது, எதிர்க்கட்சியாக இருக்கும்போது அதே தாமதம் பேச்சுக்கு உதவுகிறது. இரண்டு பக்கமும் தாமதத்தில் பங்குதாரர்கள்.

ஆரணியில் முடிந்த சேலையைக் கொண்டுபோனால் முதலாளி அதை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். இழை விட்டிருந்தால், கறை பட்டிருந்தால், கூலியில் பிடித்தம். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை, தொழில் அப்படித்தான். அடுத்த தேர்தலுக்கு ஆரணிக்கு வந்து ஆட்சியைச் சாடுகிறவர், எந்தக் கட்சியானாலும், ஒரு கேள்விக்கு மேடையிலேயே பதில் சொல்லட்டும்: நீங்கள் வந்தபிறகு என் மனு தாமதமானால், பிடித்தம் யார் சம்பளத்தில்?