வேண்டா எண்ணமும் வினையும்

சிவபூசை செய்யும் அன்பர் ஒருவரைக் கருதுவோம். திருமஞ்சனம் ஆட்டுங்கால் இறைவனை இகழும் இழிசொல் ஒன்று அவருள்ளத்தே தானே எழுகின்றது. அவர் நடுங்கிப் பூசையை முதலிலிருந்து தொடங்குகின்றார்; மீண்டும் அஃதெழ, மீண்டுந் தொடங்குகின்றார். பின்னர் ஆசிரியரை அடைந்து, ‘அடியேன் சிவநிந்தை செய்தேனோ?’ என வினவுகின்றார். ‘இல்லை’ என்னும் விடை மாலைவரை அமைதி தருகின்றது. மறுநாட் காலை அவ்வினாவே மீள்கின்றது. இவர்க்கு ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

மனம், வாக்கு, காயம் மூன்றானும் ஆகாமியம் ஈட்டப்படும் என்பது நம் சித்தாந்தமாதலின், அன்பர் அஞ்சுதல் காரணமின்றி எழுந்ததன்று. ஆயினும் எண்ணம் எழுதல் வேறு; எண்ணிச் செய்தல் வேறு. அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய சடப்பொருள்கள். மனம் பற்றியதனைப் புத்தி நிச்சயிக்க, உயிரின் இச்சை அதனோடு கூடியவிடத்தே அது மனத்தாற் செய்த வினையாம். ஈண்டோ உயிர் அவ்வெண்ணத்தை விரும்பிற்றுமிலது, துணிந்ததுமிலது, வெருவி விலகுகின்றது. ஆதலின் அது சிவநிந்தை ஆகாதென்க.

இக்கால மருத்துவர் இதனை எண்ணச் சுழல் நோயின் ஒரு வகை என்பர். 1978-ஆம் ஆண்டில் ராக்மன், டி சில்வா என்னும் உளநூலறிஞர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி, நோயற்றோருள்ளும் பெரும்பாலார்க்கு இத்தகைய வேண்டா எண்ணங்கள் தோன்றுதலைக் காட்டிற்று. நோயுற்றோர்க்கு அவை அடிக்கடி தோன்றி நெடிது வருத்தும். அங்ஙனம் நீடிக்கச் செய்வனவற்றுள் ஒன்று, அவற்றைப் போக்க ஓயாது செய்யும் முயற்சியேயாம்.

‘குற்றியோ மகனோ’ என்னும் ஐயம் விளக்கு வந்துழி ஒழியும். இவ்வையமோ, விளக்கு வந்தபின், ‘இவ்விளக்கு மெய்யோ?’ என வினவும். ஆதலின் மீள மீளக் கூறும் விடை அதனைத் தீர்ப்பதன்று, வளர்ப்பதேயாம். 1966-இல் மேயர் என்னும் அறிஞர், மீளச் செய்யுஞ் செயல்களைத் தடுத்து அச்சத்தை எதிர்நின்று தாங்கச் செய்யும் முறையை வெளியிட்டார். இன்று இந்நோய்க்குச் சிறந்ததாகக் கொள்ளப்படும் உளமருத்துவம் அவ்வழி வந்ததே.

அற்றேல், ஐயம் அகற்றுதல் ஆசிரியர் கடனாகலின், விடை மறுத்தல் அருளின்மை ஆகாதோ எனின், ஆகாது. உண்மையை ஒருமுறை தெளிய உரைத்து, ‘இனி இதனை வினவற்க, எண்ணம் எழினும் எழுக, எடுத்த மலரைச் சாத்துக, பூசையைத் திரும்பத் தொடங்கற்க’ எனப் பணித்து, பின்னர் அன்பர் கண்ணீரோடு கேட்பினும் அன்போடு அமைந்திருத்தல் மறக்கருணையாம். இரங்கி நாடோறும் விடையளித்தல் எளிது; அன்பர்க்கோ அது கேடு. நோய் முற்றியவழி மருத்துவரிடம் உய்த்தலும் ஆசிரியர் கடனே. கண்ணோய்க்கு மருந்திடுவார் பத்தியிற் குறைந்தவர் அல்லரன்றோ?

இன்னுமொன்று. தன் தூய்மையைத் தானே அளந்து உறுதி பெற்ற பின்னரே பூசிப்பேன் என்பது, அலை ஓய்ந்தபின் கடலாடுவேன் என்பதனை ஒக்கும். பூசையை நிறைவிப்பது நம் கரணங்களின் தூய்மையன்று, ஏற்றுக்கொள்வானது அருளே. அவ்வுறுதியை நாடும் வேட்கையும் தற்போதத்தின்பாற் படுவதே. உறுதியின்றியும் மலரிடும் கை அதனை இறைவன்பால் ஒப்புவித்ததாகின்றது. இதனை மடங்களில் மாணாக்கரை நடத்தும் பெரியோர் ஓர்ந்துணர்வாராக.