காய் வெளியே தெரியட்டும்

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் குட்டி பீட்சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு யோசனை தவறாமல் வந்துவிடும்: கேரட்டையும் பீட்ரூட்டையும் வேகவைத்து அரைத்துத் தக்காளி சாஸோடு கலந்துவிடுங்கள், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. அக்கறையில் பிறந்த யோசனைதான். காய் எப்படியோ வயிற்றுக்குள் போய்விடுகிறது என்பதும் உண்மை. ஆனாலும் அது சரியான வழி இல்லை என்றே நினைக்கிறேன். வீட்டில் செய்யும் பீட்சா காயை ஒளித்துவைக்க வசதியானது என்பதற்காக அதை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளை காயைப் பார்த்து, தொட்டு, தன் கையாலேயே மாவின்மேல் அடுக்க முடிகிற உணவு அது என்பதற்காக ஆதரிக்கிறேன்.

இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை பழகாத உணவைக் கண்டால் ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. அதைப் பிடிவாதம் என்று திட்டுவதில் பயனில்லை. குழந்தைகளின் உணவு விருப்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச், ஓர் உணவைத் திரும்பத் திரும்பச் சுவைக்கத் தந்தால் பிடித்தம் மெல்ல வளர்கிறது என்று காட்டினார். சில உணவுகளுக்குப் பத்து முறைகூடத் தேவைப்படலாம். 1987இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னொரு முடிவு, பார்ப்பதால் மட்டும் சுவை பிடித்துவிடாது, நாக்கில் பட வேண்டும் என்பது. அரைத்து மறைத்த கேரட்டில் இது நடக்க வழியே இல்லை. நாக்குக்குத் தெரிவது தக்காளியும் சீஸும்தான். அந்தப் பிள்ளை வருடம் முழுக்கக் கேரட் தின்றிருந்தாலும், தட்டில் கேரட் பொரியல் வைக்கும் நாளில் அதற்கு அது புது உணவாகவே இருக்கும். என்றாவது மறைத்தது தெரிந்துபோனால் நிலைமை இன்னும் மோசம்; அம்மா தரும் எதையும் பிட்டுப் பார்த்தபின்தான் வாயில் வைக்கும்.

கை படுவதிலும் விஷயம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைகளை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோரோடு சேர்ந்து சமைத்த பிள்ளைகள், சமைக்காத பிள்ளைகளைவிடச் சாலட்டை அதிகம் சாப்பிட்டார்கள். ஐம்பது பேர்கூட இல்லாத சிறிய ஆய்வு, அதுவும் ஓர் உணவு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. இதை மட்டும் நம்பிப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் சமையலறையில் பிள்ளைகளை வேலை செய்யவிட்ட எவருக்கும் அந்த முடிவு வியப்பாக இராது. குட்டி பீட்சாவில் இதற்கு நிறைய இடமுண்டு. கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதியாகப் பிசைந்து, தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வெட்டுவதைப் பிள்ளையே செய்யலாம். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் அரைவேக்காடாகப் போட்டு எடுப்பது பெரியவர் வேலை. தக்காளியையும் பூண்டையும் தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும்; இல்லாவிட்டால் மதியத்துக்குள் அடிப்பாகம் ஊறிவிடும். பிறகு பொடியாக நறுக்கிய குடைமிளகாய், வெங்காயம், மக்காச்சோளம் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, எது எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம். சீஸ் கொஞ்சம் போதும். ஆறினால் அது எப்படியும் ரப்பராகும், உப்பும் அதில்தான் அதிகம். ஆறவிட்டு மூடினால் மூடியில் ஆவி வியர்க்காது.

இதற்குப் பீட்சா எதற்கு, ஊத்தப்பம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெங்காயமும் தக்காளியும் தூவிய ஊத்தப்பத்தில் இதே வேலை நடக்கும். அதை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைக்குப் பீட்சா வேண்டியதே இல்லை. ஆனால் பீட்சா ஆசை பல பிள்ளைகளிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் விதியால் விற்பனையை நிறுத்தலாம், ஆசையை நிறுத்த முடியாது. கண்ணில் காட்டிக் கையில் தர மறுக்கும் தின்பண்டத்தின்மேல் குழந்தைகளின் நாட்டம் கூடுவதையும் பிர்ச்சும் ஜெனிபர் ஃபிஷரும் 1999இல் காட்டியிருக்கிறார்கள். வீட்டிலேயே அவ்வப்போது செய்து தந்தால் பீட்சா பிறந்தநாள் பரிசாக இல்லாமல் இன்னொரு சாப்பாடாகிவிடும்.

காலையில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த 'யார்' அம்மாதான். அவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதானால் இந்த யோசனையையே கைவிடலாம்; தயிர்சாதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வட்டங்களைப் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால், பள்ளி நாளில் மேலே அடுக்கி, மூடிபோட்டுச் சிறுதீயில் சில நிமிடம் வைப்பது மட்டுமே பாக்கி. வாரத்துக்கு ஒருநாள் போதும்.

காய் வெளியே தெரிந்தால் பொறுக்கி ஒதுக்கிவிடுமே, மறைத்தால் சத்தாவது சேருமே என்பார்கள். இரத்தசோகையோ எடைக்குறைவோ உள்ள பிள்ளையின் விஷயம் வேறு. அங்கே மருத்துவர் சொல்வதே முதலில். மற்றப் பிள்ளைகளுக்கு, ஒரு டப்பாவில் ஒளித்த இரண்டு கரண்டி விழுதால் சேரும் சத்து அப்படியொன்றும் அதிகமில்லை, மிச்ச வேளைகள் இருக்கின்றன. என்ன சமைப்பது, எப்போது தருவது என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு என்று உணவியலாளர் எலின் சாட்டர் பிரித்துச் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆகவே குடைமிளகாய் டப்பாவிலேயே திரும்பி வந்தால் விசாரணை வேண்டாம். அடுத்த வாரமும் அந்தக் கிண்ணம் மேடையில் இருக்கட்டும். ஒரே ஒரு துண்டு வைப்பதா, ஒன்றும் வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.