அடைக்கலமா, கடனா?

சிபிச் சக்கரவர்த்தியின் கதை நமக்கெல்லாம் தெரியும். பருந்துக்குப் பயந்து தன்னிடம் வந்து விழுந்த புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்தவன் அவன். அடைக்கலம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் அவனிடம்தான் போகிறது. ஆனால் அந்தக் கதையில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. புறாவுக்கு வந்த ஆபத்தில் சிபிக்குப் பங்கே கிடையாது. அது கூடு கட்டியிருந்த மரத்தை அவனே வெட்டிச் சாய்த்திருந்தால்? பிறகு அதே புறா அவன் மடியில் வந்து விழுந்திருந்தால்? அப்போதும் அவன் கொடுத்ததைத் தானம் என்று புகழ்ந்திருப்போமா?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது துவாலு என்ற நாட்டைப் பற்றிப் படித்தபோது. பசிபிக் சமுத்திரத்தில் ஒன்பது சிறு தீவுகள், அவ்வளவுதான் நாடு. ஜனத்தொகை 11,000 அளவில். நம்மூர்த் தேர்த் திருவிழாவில் இதைவிடப் பெரிய கூட்டம் கூடும். நிலம் கடல் மட்டத்துக்கு மேல் பெரும்பாலும் 2, 3 மீட்டர் உயரந்தான். அந்தக் கடலோ உயர்ந்துகொண்டே வருகிறது. அலை வந்து மோதி அழிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உப்புநீர் அடியிலேயே ஊறி வந்து, அவர்கள் கிழங்கு பயிரிடும் குழிகளைக் கெடுத்துவிடுகிறது. 2021-ல் அந்நாட்டு வெளியுறவு மந்திரி சைமன் கோஃபே, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கால் அளவு கடல் நீரில் நின்றபடி உலக மகாநாட்டுக்குத் தம் உரையைப் பேசி அனுப்பினார். நாடகந்தான், ஆனால் மேடை அவர் ஜோடித்தது அல்ல.

2023 நவம்பரில் ஆஸ்திரேலியா இந்த நாட்டோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. மறு வருஷம் ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். வேலை பார்க்கலாம், படிக்கலாம், வேண்டும்போது ஊருக்குப் போய் வரலாம். கடல் நிலத்தை விழுங்கிவிட்டாலும் துவாலு ஒரு தேசமே என்று ஆஸ்திரேலியா தொடர்ந்து அங்கீகரிக்கும். இந்த உடன்படிக்கைக்கு ‘ஃபாலேபிலி’ என்று பெயர் வைத்தார்கள். அண்டை வீட்டாரிடம் காட்ட வேண்டிய பரிவையும் பொறுப்பையும் குறிக்கும் துவாலுச் சொல் அது. அழகான பெயர்! 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்கள், குடும்பத்தாரையும் சேர்த்து, 8,000-க்கு மேல். அநேகமாக ஊரே கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆண்டுக்கு 280 என்ற கணக்கில் எல்லாரும் போய்ச் சேர 40 வருஷம் வேண்டும்.

ஆஸ்திரேலியாவை நான் குறை கூறவில்லை. பல பணக்கார நாடுகள் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் தேடிக்கொண்டிருக்கிற காலத்தில், ஒரு நாடு திறந்து வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே பத்திரத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. பாதுகாப்பு விஷயங்களில் வேறு எந்த நாட்டோடு ஏற்பாடு செய்துகொள்வதானாலும், துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும். தானம் கொடுப்பவர் நிபந்தனை போடுவது உலக வழக்கம். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவர் நிபந்தனை போடலாமா? நிலக்கரி ஏற்றுமதியில் உலகத்தின் முன்வரிசையில் நிற்கிற நாடு ஆஸ்திரேலியா என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தம் இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து இவற்றுக்காகத் துன்புறுத்தப்படுகிறவனையே அகதி என்கிறது. கடல் யாருடைய மதத்தையும் விசாரித்துக்கொண்டு வருவதில்லையே! கிரிபாட்டித் தீவுக்காரர் ஒருவர் இந்தக் காரணத்தைச் சொல்லி நியூஸீலாந்தில் புகலிடம் கேட்டார். நீதிமன்றங்கள் மறுத்தன, 2015-ல் திருப்பி அனுப்பப்பட்டார். 2020-ல் வெளியான முடிவில், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவும் அவரை அனுப்பியது தவறல்ல என்றது. ஆனால் உயிருக்கே மோசம் என்ற நிலை வந்தால் இப்படி அனுப்பக் கூடாது என்று சேர்த்துச் சொல்லிற்று. நம் மொழியில் அகதி என்றால் கதியற்றவன். கதி எப்படிப் போயிற்று என்று அந்தச் சொல் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

கடன் என்றே வைத்துக்கொண்டாலும் கடன்காரன் யார்? இங்கேதான் சிக்கல். எந்தப் புகைபோக்கியின் புகை எந்த அலையை உயர்த்தியது என்று யாரால் சொல்ல முடியும்? இதை எழுதும்போது என் தலைக்கு மேலே சுழல்கிற விசிறியிலும் நிலக்கரியின் பங்கு உண்டு. கடன்காரர்கள் பலராகிவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவது சுலபம். நம் கிராமங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பொதுக் காரியம் என்றால் தலைக்கட்டு வரி போட்டு வசூலிப்பார்கள். உலகத்துக்கும் அப்படியொரு வரி எழுதத்தான் வேண்டும்; தலைக்கு இவ்வளவு என்றல்ல, அடுப்பு எரித்த அளவுக்கு. 2018-ல் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்ட குடிபெயர்வு உடன்பாடு, பருவநிலையால் ஊர் விடுகிறவர்களையும் பேசியது. ஐ.நா. பொதுச் சபையில் 152 நாடுகள் ஆதரித்தன. எவரையும் கட்டுப்படுத்தாது என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. வரி நோட்டு இருக்கிறது, வசூல் இல்லை.

பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் தொடங்கி, வனுவாட்டு நாடு கையில் எடுத்த முயற்சியால், 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் வாய் திறந்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டப்பூர்வமான கடமை, தவறினால் நஷ்டஈடு வரைக்கும் போகலாம் என்று அபிப்பிராயம் தந்தது. தீர்ப்பு அல்ல, அபிப்பிராயந்தான். ஆனாலும் கடன் என்ற பக்கமாகத் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

சிபியின் வாரிசைத் தேடினால் ஃபிஜியில் பார்க்கலாம். உலகத்தின் புகையில் அதன் பங்கு துளியிலும் துளி. 2014-ல் அதன் வனுவா லேவு தீவில், வுனிடொகொலோவா என்ற கடலோர கிராமம் வீடுகளை விட்டு உள்நாட்டுக்கு மேடேறியது. அதே தீவில்தான், அதே வருஷத்தில், கிரிபாட்டி அரசாங்கம் விலை கொடுத்து நிலம் வாங்கியது. கிரிபாட்டி ஜனங்களுக்கு எதுவும் நேர்ந்தால் எங்கள் நாட்டில் அவர்களுக்கு இடம் உண்டு என்று ஃபிஜியின் ஜனாதிபதி சொன்னார். தன் வீட்டிலேயே தண்ணீர் புகுந்தவன் அடுத்த வீட்டுக்காரனுக்குத் திண்ணையை ஒழித்துக் கொடுக்கிறான். இதை அடைக்கலம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

மற்றவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள துவாலுக்காரர் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. நிமிர்ந்தே கப்பலேறலாம். அப்படியும் கணக்கு நேராகிவிடாது. இறந்தவர்களை வீட்டருகிலேயே அடக்கம் செய்யும் வழக்கம் அந்தத் தீவுகளில் உண்டு. ஆண்டுக்கு 280 பேர் புறப்பட்டுப் போகலாம். அந்தச் சமாதிகள் வாசலிலேயே இருக்கும்.