கடன்பட்ட கல்வி

பிரான்சிலும் ரெயூனியோனிலும் ஆசிரியப் பணி புரியும் நம்மவர், வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு வந்து போகும்போது கேட்பதுண்டு: "எது எங்கள் தாயகம்?" 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோருக்கு இது பழைய கேள்வி. 1962இல் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. தாத்தா இட்ட கையொப்பத்தைப் பேரன் இன்னும் சுமக்கின்றான்.

நாமோ வேறொன்றைக் கேட்கத் துணிகிறோம்: நம் கல்வி யாருக்குக் கடன்பட்டது?

9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூர்க் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன என்கின்றது செப்பேடு. அங்கே ஓதியவர் உண்டது உழவர் விளைவித்த நெல். (அவ்வுழவரின் பிள்ளைக்கு அங்கே இடமிருந்ததா என்பது தனிக் கேள்வி.) இன்றும் அதே கணக்குத்தான். வயலையும் பெற்றோரையும் தம்பி பார்த்துக்கொண்டதால் அண்ணன் கடல் கடந்தார், ஆசிரியரானார். ஆனால் கோவில் நன்கொடைப் பலகையில் அண்ணன் பெயர் மட்டுமே பொறிக்கப்படுகின்றது. தம்பி கொடுத்ததை எந்தப் பலகையில் எழுதுவது?

பணம் அனுப்பினால் கடன் தீர்ந்தது என்போர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. விடுமுறையின் சில மாலைகளிலேனும் அண்ணன் திண்ணையில் அமர்ந்து, தம்பியின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும். இவ்வாண்டு விளைச்சல் எப்படியென்று தம்பியிடம் கேட்கட்டும்.