பெற்றவள் கண்ணீரும் பிள்ளையின் பகுத்தறிவும்

பக்தியிலே மூழ்கிய தாய், பகுத்தறிவுக் கண் திறந்த மகன். இவ்விருவர் வழக்கிலே நாம் மகன் பக்கம் நின்று பழகியவர்கள். ஆயினும் ரிச்சர்ட் ரைட் எனும் கறுப்பின எழுத்தாளர் 1945 இல் வெளியிட்ட 'பிளாக் பாய்' என்ற தன்வரலாறு, தீர்ப்பை அவ்வளவு விரைந்து எழுத விடுவதில்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பியிலே 1908 இல் பிறந்தவர் அவர். வெள்ளையருக்கொரு பள்ளி, கறுப்பருக்கொரு பள்ளி. புகைவண்டியிலும் தனித்தனிப் பெட்டி. சட்டமே அப்படி! தந்தை கைவிட்டுப் போனார். தாய் எல்லா, சமையல் வேலை செய்து பிள்ளைகளைக் காத்தாள்.

மெம்ஃபிஸ் நகரிலே, கடைக்குச் சென்ற சிறுவனிடம் தெருப்பையன்கள் காசைப் பறித்தனர். தாய் ஒரு தடியைக் கையிலே கொடுத்து, எதிர்த்து நின்று வா என்று கதவைச் சாத்தினாள். வீரத்தாய்! ஆனால் பின்னர் ஆர்க்கன்சாவில், வெள்ளைச் சிறுவர் எறிந்த புட்டி கிழித்த காயத்துக்குத் தையல் போட்டு வந்த அதே மகனை, அவளே காய்ச்சல் காணும் வரை அடித்தாள். வெள்ளையரோடு மோதலாமா என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.

கோழைத்தனமா இது? அவளுடைய சகோதரியின் கணவர் ஹாஸ்கின்ஸ், மதுக்கடை நடத்திச் செழித்தார் என்பதற்காகவே எலேன் என்ற ஊரில் 1916 இல் வெள்ளையரால் கொல்லப்பட்டார். ஈமச்சடங்குக்கும் வழியின்றி உறவினர் இரவோடிரவாக ஓடினர். அடித்தது தாயின் கை. ஓங்க வைத்தது நிறவெறி.

மாதாகோயிலில் நடந்ததோ வேறு. ஜாக்சன் நகரின் மெதடிஸ்ட் கோயிலில், நம்பிக்கையற்ற பிள்ளைகளிடம் மன்றாடும்படி தாய்மார்களை ஏவினார் போதகர். பக்கவாதம் முடக்கிய அந்தத் தாயும், தன்மீது அன்பில்லையா என்று மகனைக் கேட்டாள். சபையே பார்த்திருந்தது. இணங்கினான்; ஞானஸ்நானமும் பெற்றான். உள்ளத்திலே எழுந்தது பக்தியல்ல, ஆத்திரம்! உடனிருந்த சிறுவர்களும் தாங்கள் ஒன்றும் உணரவில்லை என்றே பின்னர் பேசிக்கொண்டனர்.

அச்சிறுவனைக் கோழை என்பாரும் நம்மிடை உண்டு. நாம் அப்படிச் சொல்லோம். பெற்றவளைச் சபை நடுவே தலைகுனிய வைக்க மனம் வராதது குற்றமல்ல. அந்த இணக்கத்துக்கு விசுவாசம் என்று பெயரிட்டு வரவு வைத்தார்களே, அதுதான் மோசடி. தாயின் அடியை மன்னிக்க முடிகிறது. போதகரின் சூழ்ச்சியை முடியவில்லை. அன்புக்குக் கடன்பட்டவன் அறிவை அடகு வைத்துத்தான் தீர்க்க வேண்டுமோ?

கதை சொல்வதே சாத்தான் வேலை என்றவர் அவருடைய பாட்டி, தாயோ எழுத்தறிவித்தவள். அந்த எழுத்து அவரை மெம்ஃபிஸ் நூலகத்துக்கு இழுத்தது. கறுப்பருக்கு அங்கே நூல் இல்லை! உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரின் அட்டையைப் பெற்று, அவர் எழுதியது போலவே சீட்டெழுதிக் காட்டி, மென்கனின் நூல்களை எடுத்துப் படித்தார். 1927 இறுதியில் சிக்காகோ சேர்ந்தார். மத நம்பிக்கைக்குத் திரும்பவில்லை. தாயையும் தம்பியையும் அந்நகருக்கே அழைத்துக்கொண்டார்.