செம்மூக்கும் தானமும்



இங்கிலாந்தில் 'சிவப்பு மூக்கு நாள்' என்றொரு நாள் உண்டு. அன்று சிறுவர் முதல் அலுவலர் வரை மூக்கின்மேல் செந்நிறக் குமிழொன்றை மாட்டிக்கொள்வர். இரவில் பிபிசி தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகர்கள் மணிக்கணக்கில் கோமாளிக் கூத்து நிகழ்த்துவர். இடையிடையே வறியோர் படும் பாடும் காட்டப்படும். காண்போர் இருந்த இடத்திலிருந்தே பொருள் ஈவர். எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது, 1985-இல், எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸும் நடிகர் லென்னி ஹென்றியும் தொடங்கிய 'காமிக் ரிலீஃப்' என்னும் அறநிலையம் இதனை நடத்துகிறது. 1988 பிப்ரவரி 5-இல் நடந்த முதல் நிகழ்ச்சியே ஏறத்தாழ 1.5 கோடி பவுன் ஈட்டித் தந்தது.

ஜினாகமம் இத்தகைய நகைப்பை ஏற்குமோ? தத்துவார்த்த சூத்திரம் ஹாஸ்யத்தை நோகஷாயங்களுள் வைக்கிறது. அநர்த்ததண்ட விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்திலோ, இழிந்த கேலிப்பேச்சையும் அங்கசேட்டையோடு கூடிய பரிகாசத்தையும் முதற்கண் நிறுத்துகிறது. செம்மூக்கு அணிந்து ஆடுவது அதற்கு வெகு தொலைவில் இல்லை. ஆயினும் பசித்த குழந்தையின் வாய்க்கு எட்டிய கஞ்சி, கொடுத்தவர் சிரித்தாரா என்று பார்ப்பதில்லை. சிரிப்பால் ஒட்டும் வினையும் ஆகாரதானத்தின் பயனும் ஈந்தவருக்கே உரியன. அவற்றைக் கூட்டிக் கழிக்க நாம் யார்? நிதி திரட்ட நாடகம் போடுவது நாமும் அறியாத வழக்கமன்று.

நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. 2013-இல் அதே பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி, இந்நிலையத்தின் பணத்தில் ஒரு பகுதி ஆயுதம், புகையிலை, மது ஆகியவற்றை ஆக்கும் நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிதிகளில் இடப்பட்டிருந்ததை வெளிப்படுத்தியது. போரால் அலைக்கழிந்தோருக்கு உதவுவதும் இந்நிலையத்தின் பணியே. அதன் பொருளோ ஆயுதம் வார்ப்போனிடம் வளர்ந்துகொண்டிருந்தது! வாள், கோடரி, நெருப்பு, விலங்கு முதலிய கொலைக் கருவிகளைப் பிறருக்கு வழங்குவதை ஹிம்சாதானம் என்று விலக்கினார் சமந்தபத்திராசாரியார். தானம் என்னும் நற்சொல் அங்கே பாவத்தின் பெயராக நிற்கிறது, கவனியுங்கள். அங்கும் வழங்குவோன் வெட்டுவதில்லை. கருவியைத் தந்துவிட்டு வீட்டில் இருக்கிறான். பங்குதாரன் நிலையும் அதுதான்.

2014-இல் அந்நிலையம் இம்மூன்று தொழில்களிலும் இனி முதலிடுவதில்லை என்று அறிவித்தது. பிரதிக்கிரமணம் என்று நாம் சொல்வதற்கு இது அயலானதன்று.

நம் ஜினாலய நிதிகளும் ஆகாரதான நிதிகளும் வங்கிகளில் வைப்பாக உள்ளன. வட்டி விகிதத்தைக் கேட்டுத்தான் வைக்கிறோம். அவ்வங்கிகள் அப்பணத்தை எந்தத் தொழிலுக்குக் கடனாகத் தருகின்றன என்று நாம் கேட்பதில்லை.