சீட்டுப் போட்டுச் சிகிச்சையா?

வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் வரக்கூடும் என்று வைத்தியர் எச்சரித்தால் நாம் என்ன சொல்கிறோம்? "எப்படியாவது ஒப்பரேஷன் செய்து காப்பாற்றுங்கள் டொக்டர்" என்கிறோம். குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பும் வைத்தியரை நம் உள்மனம் அவ்வளவாக மதிப்பதில்லை.

அன்பு வாசகரே, உங்கள் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு நாடி துடிப்பது தெரியும். அது தலைத் தோலுக்கு இரத்தம் கொண்டு செல்வது. துருக்கியில் பிறந்த யசார்கில் என்ற நிபுணர் 1967இல் சூரிச் நகரில் மண்டையோட்டைத் திறந்து, அந்த நாடியை உள்ளே செலுத்தி, மூளையின் நாடியொன்றுடன் நுணுக்குக்காட்டியின் துணையால் பொருத்தினார். தோட்டத்தில் வாய்க்கால் அடைபட்டால் பக்கத்தில் வேறொன்று வெட்டித் தண்ணீர் மாறுகிறோம் அல்லவா? அதே நியாயந்தான். பல நாடுகளிலும் இச்சிகிச்சை பரவியது.

இது உண்மையில் பாரிசவாதத்தைத் தடுக்கிறதா என்ற கேள்வியை, கனடாவின் நரம்பியல் வைத்தியர் ஹென்றி பார்னெற் தலைமையிலான குழுவொன்று 1977இல் கையில் எடுத்தது. 1377 நோயாளர் சேர்க்கப்பட்டனர். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, 663 பேருக்குச் சத்திரசிகிச்சை, 714 பேருக்கு இல்லை. அஸ்பிரினும் இரத்த அழுத்தக் கவனிப்பும் இரு சாராருக்கும் உண்டு.

மனித உயிரைச் சீட்டுக்கு விடுவதா? இது என்னையும் உறுத்திய கேள்வி. காப்பாற்றும் வழி தெரிந்திருந்தும் ஒருவனுக்கு அதை மறுப்பது பாவமே. ஆனால் தெரியாததைத் தெரிந்ததென்று எண்ணிக்கொண்டு, அன்பினாலேயே என்றாலும், அடுத்தவன் தலையைத் திறப்பதை என்னவென்று சொல்வது? சீட்டுப் போட்டவர்களாவது தங்கள் அறியாமையை ஒப்புக்கொண்டார்கள்.

1985இல் முடிவு வெளியாயிற்று. பொருத்திய நாடிகள் நூற்றுக்கு 96 பேரில் அடைபடாமலே இருந்தன. கைத்திறனில் குறையில்லை. எனினும் சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கே பாரிசவாதம் முந்தியும் கூடுதலாகவும் வந்தது. மூளைக்கு இரத்தம் மிகவும் குறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்த வட அமெரிக்க ஆய்வொன்றும், பயன் காணாமல் இடையிலே நிறுத்தப்பட்டு 2011இல் வெளிவந்தது. மொயாமொயா என்ற அபூர்வ நோய்க்கு இச்சிகிச்சையை இன்றும் செய்கிறார்கள். ஆகையால் சிகிச்சையைப் பழிப்பதற்கில்லை.

சீட்டு மறுபக்கம் விழுந்த அந்த 714 பேரில், வாய்ப்புப் போயிற்றே என்று வருந்தி வீடு திரும்பியவர்களும் இருந்திருப்பர். அந்த வைத்தியர்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகள் அன்று என்னவெல்லாம் பேசியிருப்பார்களோ!